காந்தி நகர் வீடு (குடும்பக் குழு)

பெரிய மாமா: நம் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்ட பில்டர் அனுப்பிய பிடிஎஃப் மேலே இருக்கிறது. எல்லோரும் படியுங்கள். சென்னை அடையாற்றில் இந்த மாதிரி இடம் இனி கிடைக்காது என்கிறார். இரண்டு கிரவுண்ட், 4,800 சதுர அடி. எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற அளவு, 2. ஆக 9,600 கட்டலாம். பில்டருக்கும் நமக்கும் பாதிக்குப் பாதி. நம் பங்கில் 1,200 அடியில் நாலு ஃப்ளாட். ஆளுக்கு ஒன்று.

சித்தி: இனிய காலை வணக்கம் 🌸

சித்தி: அண்ணா, நம் அம்மாவுக்கு?

பெரிய மாமா: அம்மா நம்மில் யார் ஃப்ளாட்டில் வேண்டுமானாலும் இருக்கலாமே.

சின்ன மாமா: அப்போ அம்மா பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம்.

அம்மா: நான் மேடவாக்கம் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து அம்மாவோடு இருக்கிறேன். இதைப் போன வருஷமே சொன்னேன்.

பெரிய மாமா: சண்டை வேண்டாம். அதற்கும் பில்டர் வழி சொல்லியிருக்கிறார். அரசுக்குப் பணம் கட்டினால் பிரீமியம் எஃப்எஸ்ஐ கிடைக்கும். 2,400 அடி கூடுதல். அதில் பாதி நமக்கு. அஞ்சாவது ஃப்ளாட் அம்மாவுக்கு. முடிந்தது.

நான்: மாமா, முதல் பக்கத்தில் 'மரங்களின் மடியில் வாழ்வு' என்று போட்டிருக்கிறார்களே, அந்தப் படத்தில் இருப்பது நம் மாமரம். மூன்றாம் பக்கத்து வரைபடத்தில் அதே இடத்தில் ரெண்டு கார் நிற்கிறது.

சின்ன மாமா: 😂😂

சித்தி: ஐயோ, கிணற்றையும் காணோமே!

அண்ணன்: இப்போதுதான் பார்த்தேன். மாமா, ஸ்டில்ட்டுக்கு (கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் உள்ள கீழ்த்தளம்) மேல் நாலு மாடி என்றால் ஒரு தளத்துக்கு 2,400 அடி. மீதிப் பாதி மண் திறந்தே கிடக்கும். அஞ்சாவது மாடி போட்டாலும் கட்டிடம் அகலமாகாது, உயரம்தான் கூடும். மரத்துக்குக் கட்டிடத்தால் ஆபத்தில்லை. கார்தான் பிரச்சினை. எட்டு வீட்டுக்கு எட்டு கார் ஸ்டில்ட்டுக்குள் அடங்கும். பத்து வீடு ஆனால், அதிலும் பில்டர் பங்கில் வாங்குகிறவர்கள் ரெண்டு ரெண்டு கார் கேட்டால், பின்கட்டு முழுக்க கான்கிரீட்தான். எங்கள் ஆபீஸிலேயே இந்த மாதிரி எத்தனையோ வரைந்திருக்கிறோம்.

பெரிய மாமா: ஒரு மாமரத்துக்காக ஒரு ஃப்ளாட்டை விடச் சொல்கிறாயா? அடையாற்றில் 1,200 அடி என்ன விலை தெரியுமா உனக்கு?

நான்: தெரியும் மாமா. அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த நீங்கள் நாலு பேரும் இன்று அங்கே ஒரு ஃப்ளாட்கூட சம்பளத்தில் வாங்க முடியாது. விலை ஏறியதற்குக் காரணமே நிழலும், நடந்தால் மெயின் ரோடான எல்.பி. ரோடு என்கிற வசதியும். இப்போது கீழே மெட்ரோ வேறு வரப்போகிறது.

பெரிய மாமா: நிழல் தெருவில் இருக்கிறது. தெரு மரம் மாநகராட்சியுடையது. அதை யாரும் தொடப்போவதில்லை.

அம்மா: அண்ணா, 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது நீங்கள் ஹூஸ்டனில் இருந்தீர்கள். தெருவில் பெருங்கொன்றை ஒவ்வொன்றாகச் சாய்ந்து கிடந்தது. எதிர்வீட்டு கார் மேலேயே ஒன்று. நம் மாமரம் ஒரு கிளை முறிந்ததோடு தப்பித்தது. அந்த வருஷத்துக்கு அப்புறம் தெருவில் பாதி நிழல் காம்பவுண்டுக்குள் இருக்கும் மரங்களால்தான்.

சின்ன மாமா: அக்கா சொல்வது சரி. ஆனால் செலவையும் பேசுவோம். 2022-இல் 1,800 அடிக்கு மேல் உள்ள வீடுகளுக்குச் சொத்து வரியை 150 சதவீதம் கூட்டினார்கள். அதில் நம் வீடும் ஒன்று. மொட்டை மாடி ஒழுகுகிறது. மழைக்காலம் வந்தால் அம்மா ஹாலில் வாளி வைக்கிறாள். இடித்துக் கட்டுவது தப்பே இல்லை.

சித்தி: ஆமாம். அம்மாவுக்கு லிஃப்ட்டும் வேண்டும்.

பெரிய மாமா: அதைத்தானே நானும் சொல்கிறேன்! வருமான வரி?

சின்ன மாமா: 2017-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பில்டரோடு போடும் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட வருஷமே வரி இல்லை, நிறைவுச் சான்றிதழ் வருகிற வருஷம்தான். ஆனால் அதற்குள் பங்கை விற்றால் கதை வேறு. ஆடிட்டரிடம் கேட்டு எழுத்தில் வாங்கலாம்.

பாட்டி: (குரல் செய்தி 1:12)

அம்மா: அம்மா பேசியதை அப்படியே தட்டச்சு செய்கிறேன். "இந்தக் கிணற்றை 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கினபோதே சரிசெய்தாச்சு. மொட்டை மாடித் தண்ணீர் முழுக்க இதில்தான் இறங்குது. 2019-இல் ஏரி வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அப்போ பக்கத்து ஃப்ளாட்காரர்கள் குடத்தோடு நம் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களும் ஒரு காலத்தில் கிணறு வைத்திருந்தவர்கள்தான். இஸ்திரி வண்டிக்காரர் தம்ளர் வாங்கிக் குடிப்பதும் இங்கேதான். பத்திரம் என் பேரில் இருக்கு என்று யாரும் சொல்லவில்லையே?"

சின்ன மாமா: 🙏

பெரிய மாமா: அம்மா, உங்களைக் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டோம்.

பாட்டி: (குரல் செய்தி 0:19)

அம்மா: "கேட்பதற்கு முன்னாடி பிடிஎஃப் வந்துவிட்டதே."

நான்: பாட்டி 🔥

அண்ணன்: சரி, நடைமுறைக்கு வருவோம். பிரீமியம் பரப்பு வேண்டாம் என்றால் எட்டு வீடு, எட்டு கார். கிணறு மூடாமல் சல்லடை போட்ட தொட்டி வழியாக நீரை உள்ளே விடலாம். சம்ப்பை, அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை, முன்பக்கம் தள்ளச் சொல்லலாம், இல்லாவிட்டால் தோண்டும்போதே மாமர வேர் போய்விடும். மரத்தைச் சுற்றி வண்டி ஏறாமல் மண் விட வேண்டும். இதெல்லாம் ஒப்பந்தத்தோடு இணைக்கும் வரைபடத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னால் நிற்காது.

பெரிய மாமா: அப்படியென்றால் அஞ்சாவது ஃப்ளாட் கிடையாது. யாருக்குக் குறையும் என்று இப்போதே பேசிக்கொள்வோம். பிறகு என்மேல் பழி வேண்டாம்.

பாட்டி: (குரல் செய்தி 0:09)

அம்மா: "எனக்குத்தானே அது? வேண்டாம். நாலில் ஒன்று தரைக்குப் பக்கத்தில், முதல் மாடி, கிணற்றுப் பக்கம், நான் இருக்கும்வரை என் பேரில். அப்புறம் உங்கள் பாடு."

சித்தி: என் பங்கை எடுத்துக்கொள் அம்மா. எனக்கு அண்ணா நகரில் வீடு இருக்கிறது.

பெரிய மாமா: யோசிக்காமல் சொல்லாதே. உன் பையனைக் கேள்.

சித்தி: கேட்டுவிட்டேன். பக்கத்தில்தான் இருக்கிறான்.

பெரிய மாமா: சரி. பில்டரிடம் நான் பேசுகிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம், அடையாற்றில் பில்டருக்கா பஞ்சம்.

அண்ணன்: ஞாயிறு காலை டேப்போடு வருகிறேன் பாட்டி. கிணற்றிலிருந்து காம்பவுண்டு வரை அளக்கணும். பழைய பிளான் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பாட்டி: (குரல் செய்தி 0:05)

அம்மா: "பிளான் பீரோவில் இருக்கு. சாவி எங்கே வைத்தேன் என்று தேடணும்."