பழைய பேய்க் காட்சிப் போஸ்டர்: கொழும்பில் ஓடியதா, அமெரிக்காவில் ஓடியதா? உதவி தேவை

வெள்ளவத்தைப் பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மப்பா பள்ளிக்கூட விழாக்களில் மாய வித்தை காட்டியவர். அவருடைய சாமான் பெட்டியின் அடியில், பழைய அமெரிக்க மேஜிக் கட்டலொக்குகளுக்கு நடுவில், தடித்த அட்டையில் அச்சடித்த ஆங்கிலப் போஸ்டர் ஒன்று கிடைத்தது. 14 அங்குல அகலம், 22 அங்குல உயரம். செம்மஞ்சள் பின்னணி, பச்சை மண்டையோடு, வாய் பிளந்து கத்தும் ஒரு பெண். நள்ளிரவுப் பேய்க் காட்சி, மேடையிலும் திரையிலும் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது.

மேலே வெள்ளைப் பட்டை ஒன்று. அதில் கறுப்பு மையில் ஸ்டேட் தியேட்டர், வெள்ளி, பெப்ரவரி 13, இரவு 11:30, எல்லா ஆசனமும் 75 சதம் என்று இருக்கிறது. ஆண்டு இல்லை, ஊர் இல்லை. நடு மடிப்பில் ஒரு துண்டைக் காணோம். அதனால் வித்தைக்காரர் பெயரில் ‘டொக்டர்’ மட்டும்தான் மிச்சம். இடது ஓரத்தைப் பூச்சி தின்றுவிட்டது. கீழ் மூலையில் ‘மெஸ் டீன்’ என்று ஒரு பெயர், அதற்குக் கீழே ஆவி உருவம். இவர்தான் வித்தைக்காரரா? வலையில் தேடினால் அப்படி ஒருவரும் வரவில்லை.

மாமா இது கொழும்பில் நடந்த காட்சி என்று அடித்துச் சொல்கிறார். விலை சதத்தில் இருக்கிறது, இங்கேயும் சதம்தானே என்பது அவர் வாதம். எந்த ஆண்டு, எந்த ஊர், அசலா நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிரேம் கடைக்காரர் ஹார்ட்போர்டில் ஒட்டித் தருகிறேன் என்கிறார். நாளைக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

அச்சுமை:

தம்பி, முதலில் அந்தப் பிரேம் கடைக்குப் போகாதீர்கள். ஒட்டினால் பின்பக்கம் போச்சு. பாதிக் கதை பின்பக்கத்தில்தான் இருக்கும். செலோடேப்பும் வேண்டாம், லெமினேட்டும் வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றுக்கு இரண்டு சுத்தமான அட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்தால் இப்போதைக்குப் போதும்.

அடிப்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர், முகவரி ஏதாவது இருக்கிறதா? முட்டை வடிவத்தில் சின்ன முத்திரை ஒன்று இருக்கிறதா? இரண்டையும் கிட்டப் படம் எடுத்துப் போடுங்கள்.

பழம்பட ரசிகை:

இது நான் அதிகம் திரட்டும் வகை என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

14க்கு 22 என்பது அமெரிக்காவில் ‘விண்டோ கார்ட்’டின் அளவு. கடைக் கண்ணாடிக்குள் நிறுத்தி வைக்கும் அட்டை. கடைக்காரருக்குக் கூலியாக இரண்டு இலவச டிக்கெட் கொடுப்பார்கள். சுவரில் ஒட்டுகிற தாள் போஸ்டர் 27க்கு 41. அது வேறு சாதி.

காட்சியின் பெயர் ஸ்பூக் ஷோ. 1930களில் அமெரிக்கா முழுக்கப் பரவிய வேடிக்கை. கடைசிப் படம் முடிந்து, நள்ளிரவு நெருங்கும்போது அதே தியேட்டர் மேடையில் ஒரு மாய வித்தைக்காரர் ஏறுவார். கொஞ்சம் வித்தை, கொஞ்சம் நகைச்சுவை, தலையை வெட்டுவது மாதிரி ஒன்று. கடைசியில் அரங்கின் எல்லா விளக்கும் ஒரேயடியாக அணையும். இருட்டில் ஒளிரும் சாயம் பூசிய துணிப் பேய்களைக் கம்பில் கட்டிச் சனத்தின் தலைக்கு மேலே ஆட்டுவார்கள். பிள்ளைகள் அலறுவார்கள். விளக்கு வந்ததும் ஒரு பேய்ப்படம் ஓடும், அல்லது படம் முன்னமே ஓடியிருக்கும். எல்-வின், டொக்டர் சில்கினி, பில் நெஃப் எல்லாம் இந்தத் தொழிலில் பேர்போனவர்கள்.

இவர்கள் ஊர் ஊராக ஓடுகிறவர்கள். ஒவ்வொரு ஊருக்கும் தனிப் போஸ்டர் அடிக்கக் கட்டுபடியாகாது. ஆகவே படத்தை ஓரிடத்தில் மொத்தமாக அடித்து, மேலே ஒரு பட்டையை வெறுமையாக விட்டுவிடுவார்கள். தியேட்டர், தேதி, விலையை அந்தந்த ஊரில் ஒரு சின்ன அச்சகம் போட்டுக்கொடுக்கும். உங்கள் வெள்ளைப் பட்டை அதுதான். இந்த ஒரு அட்டைக்கு இரண்டு பிறப்பு. படம் எங்கே எப்போது அச்சானது என்பது ஒரு கேள்வி, பட்டை எங்கே எப்போது அச்சானது என்பது இன்னொன்று. மாமா இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டார்.

மருதானை மாமா:

உங்கள் மாமா பக்கம் நான் கொஞ்ச நேரம் நிற்கிறேன். எல்பின்ஸ்டன் தியேட்டர் பக்கத்தில் வளர்ந்தவன் நான். கொழும்புக்கு எத்தனையோ வெளிநாட்டு வித்தைக்காரர்கள் வந்து போனார்கள். படம் அமெரிக்காவில் அடித்தது, பட்டை கொழும்பில் அடித்தது என்று ஏன் இருக்கக்கூடாது?

அச்சுமை:

இருக்கலாம்தான் அண்ணை. ஆனால் பட்டையையே பாருங்கள். மாதம் முதலில், தேதி பிறகு. அந்தக் காலத்தில் இங்கே ஆங்கிலக் கொம்பொசிட்டர்கள் வெள்ளைக்காரன் முறைப்படி தேதியைத்தான் முதலில் கோர்ப்பார்கள். மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவில் ஒற்றைப் புள்ளி வைப்பார்கள். இங்கே 11க்கும் 30க்கும் நடுவில் இரட்டைப் புள்ளி நிற்கிறது, அது அமெரிக்கக் கை. தம்பி, விலைக்குப் பக்கத்தில் என்ன குறி? ‘சி’ எழுத்துக்குக் குறுக்கே கோடு கிழித்த மாதிரி இருந்தால் அது அமெரிக்கச் சதம். நம் ஆட்கள் ‘சென்ற்ஸ்’ என்பதைச் சுருக்கி ‘சிரிஎஸ்’ (Cts) என்று எழுத்தில்தான் போடுவார்கள்.

வெள்ளவத்தைப் பொடியன்:

கோடு கிழித்த ‘சி’தான். மாமாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அடியில் பார்த்தேன். அச்சகத்தின் பெயர் இருந்த இடம் பூச்சி தின்ற பகுதிக்குள் போய்விட்டது. மிச்சம் ‘சிக்காகோ 7, இல்லினோய்’ என்று மட்டும் இருக்கிறது. வலது மூலையில் முட்டை வடிவ முத்திரையும் இருக்கிறது. உள்ளே சிக்காகோ என்றும் ஓர் இலக்கமும் தெரிகிறது, இலக்கம் மங்கல். அந்த 7 தெருவின் இலக்கமா?

அச்சுமை:

அது தெரு இலக்கம் இல்லை. நீங்கள் வெள்ளவத்தைக்கு ‘கொழும்பு 6’ என்று போடுகிற மாதிரிதான். அமெரிக்கத் தபால்துறை பெரிய நகரங்களுக்கு 1943இல் வலய இலக்கம் கொடுத்தது. 1963 ஜூலையில் ஐந்து இலக்க ‘சிப்’ தபால் குறியீடு வந்ததும் அது போய்விட்டது. ஆகவே உங்கள் அட்டையில் படம் அச்சான காலம் 1943க்கும் 1963க்கும் நடுவில். சிப் வந்த பிறகும் பழைய அச்சுத் தகட்டையே ஓட்டிய அச்சகம் இருக்கலாம், ஆனாலும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான்.

முட்டை முத்திரை அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் அடையாளம். ஊரும், அந்த ஊரில் அச்சகத்துக்குக் கொடுத்த இலக்கமும் அதில் இருக்கும். அந்த இலக்கம் வாசிக்க வந்தால், பெயர் தின்னப்பட்டாலும் அச்சகத்தைப் பிடித்துவிடலாம். பக்கவாட்டில் சாய்வாக வெளிச்சம் அடித்து மறுபடி படம் எடுங்கள். நேராக அடித்தால் மங்கல் மங்கலாகவே இருக்கும்.

சுவடிப்பூச்சி:

கிழமையும் தேதியும் இருக்கிறபோது ஆண்டு இல்லை என்று கவலைப்படுவானேன்? பெப்ரவரி 13 வெள்ளிக்கிழமையில் விழுந்த ஆண்டுகள்: 1942, 1948, 1953, 1959, 1970. அச்சுமை ஐயா சொன்ன எல்லையை மேலே வைத்தால் 48, 53, 59 மூன்றும்தான் மிச்சம்.

பதின்மூன்றாம் தேதி வெள்ளி என்பதும் தற்செயல் இல்லை. வெள்ளைக்காரருக்கு அது கெட்ட நாள். பேய்க் காட்சிக்காரருக்கு நல்ல முகூர்த்தம்.

பழம்பட ரசிகை:

மூன்றை ஒன்றாக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த ‘மெஸ் டீன்’ என்ற பெயருக்கு முன்னால் பூச்சி தின்றது இரண்டு எழுத்தாக இருக்குமா? இடைவெளியை அளந்து சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ‘மெஸ்’ (MES) என்பதற்கு முன்னால் ‘ஜே’, ‘ஏ’ (JA) சேர்த்தால், எனக்கு அது ‘ஜேம்ஸ் டீன்’ என்று படுகிறது.

ஜேம்ஸ் டீன் ஹொலிவூட் நடிகர். 1955 செப்டம்பர் 30ஆம் தேதி கார் விபத்தில் இறந்தார், வயது 24. இளசுகளுக்கு அவர்மேல் இருந்த பைத்தியத்தைப் பார்த்து, சில ஸ்பூக் ஷோக்காரர்கள் ‘ஜேம்ஸ் டீனின் ஆவியை மேடைக்கு அழைக்கிறோம்’ என்று விளம்பரம் போட்டார்கள். கேவலமான வியாபாரம்தான், ஆனால் டிக்கெட் விற்றது. பெயருக்குக் கீழேயே ஆவி உருவம் இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள்.

அப்படியென்றால் படம் 1955 கடைசிக்குப் பிறகு அச்சானது. 48ம் 53ம் அடிபட்டுப் போகும். பட்டை 1959 பெப்ரவரி. படம் 56இலோ 57இலோ மொத்தமாக அடித்து வைத்த கட்டில் ஒன்றாகவும் இருக்கலாம். அதையும் 59 என்று எழுதிவிடாதீர்கள்.

மருதானை மாமா:

டொக்டர் என்று இருக்கிறதே, அப்போ சில்கினிதானே? கேஸ் முடிந்தது.

பழம்பட ரசிகை:

அவசரப்படாதீர்கள் அண்ணா. அந்தத் தொழிலில் டொக்டர் பட்டம் கடையில் வாங்குகிற மாதிரி. பாதிப் பேர் டொக்டர்தான். சில்கினியின் காட்சிக்கு ‘அசைலம் ஒஃப் ஹொரர்ஸ்’ என்று பேர். அது போஸ்டரில் பெரிதாக இருக்கும். பொடியன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. விற்கிறவர்கள் இந்த மாதிரிப் பெயரில்லாத அட்டைக்குப் பிரபலத்தின் பெயரை ஒட்டி விலை ஏற்றுவார்கள். நாமும் அதைச் செய்ய வேண்டாம்.

வெள்ளவத்தைப் பொடியன்:

அளந்தேன். ‘மெஸ்’ எழுத்தின் அகலத்தை வைத்துப் பார்த்தால் முன்னால் சரியாக இரண்டு எழுத்துக்கு இடம் இருக்கிறது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

அசலா நகலா என்பது மட்டும் இன்னும் பாக்கி.

அச்சுமை:

அதற்கு ஒரு கண்லென்ஸ் போதும். செட்டியார் தெருவில் எந்த நகைக்கடையிலும் கல் பார்க்க வைத்திருப்பார்கள். தெரிந்த கடை என்றால் ஐந்து நிமிடம் இரவல் தருவார்கள்.

முதலில் பட்டையில் இருக்கும் கறுப்பு எழுத்தைப் பாருங்கள். ஈய எழுத்தோ மர எழுத்தோ வைத்து அழுத்தி அடித்தது என்றால், எழுத்தின் உட்பக்கம் முழுக்கக் கறுப்பாக இருக்கும். விளிம்பில் மை நசுங்கி ஒரு கரைகட்டிய கோடு மாதிரி நிற்கும். அட்டையைத் திருப்பி விரலால் தடவினால் அதே இடத்தில் மெல்லிய மேடு தட்டுப்படலாம். அடுத்து மண்டையோட்டைப் பாருங்கள். நிழல் விழும் இடங்களில் வரிசையாகப் புள்ளிகள் இருந்தால் சரி. செம்மஞ்சள் பின்னணியில் புள்ளியே இருக்கக்கூடாது. தனி மையாக ஓடியிருக்க வேண்டும்.

பின்னாளில் ஸ்கேன் செய்து அடித்த நகல் என்றால் பட்டை, படம், பின்னணி எல்லாம் ஒரே மாதிரிப் புள்ளிக்குள் கிடக்கும். இரண்டு இடத்தில் அச்சான பொருளை ஒரு மெஷினில் அடித்தால் அந்த வித்தியாசம் வராது.

சுவடிப்பூச்சி:

நகைக்கடைக்குப் போகிற நேரம் கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கையும் கேளுங்கள். 1950களுக்குப் பிறகு பல தாள்களில் வெண்மைக்காக ஒரு இரசாயனம் சேர்த்தார்கள். அது அந்த விளக்கில் நீலமாகப் பளிச்சிடும். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். 1959 அட்டை ஒளிரவும் செய்யலாம், ஒளிராமலும் இருக்கலாம். புதுத்தாள் மாதிரி கண்ணைப் பறிக்கிற நீலம் வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

வெள்ளவத்தைப் பொடியன்:

போய் வந்தேன். நகைக்கடை முதலாளி என்னைவிட ஆர்வமாகி, கடைப் பொடியன்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

பட்டை எழுத்து முழுக்கறுப்பு. விளிம்பில் கரை தெரிகிறது. ‘ஸ்டேட்’ என்ற சொல் மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் சரிந்து நிற்கிறது, வெறுங்கண்ணுக்கே இப்போது தெரிகிறது. பின்பக்கத்தில் அதே இடம் தடவினால் மேடு. மண்டையோட்டில் புள்ளி உண்டு, பின்னணியில் இல்லை. விளக்கில் மங்கலான மஞ்சள்தான், நீலம் இல்லை. முத்திரை இலக்கம் சாய்வு வெளிச்சத்திலும் பிடிபடவில்லை, நடு இலக்கம் 3 ஆகவோ 8 ஆகவோ இருக்கலாம்.

அச்சுமை:

அப்போ சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரிவு கையால் கோர்த்தவனின் அவசரம். நகல் அடிக்கிறவன் அதைத் தனியாகச் செய்துகொண்டிருக்க மாட்டான்.

சுவடிப்பூச்சி:

இனி ஊர். ‘ஸ்டேட் தியேட்டர்’ என்று தேடாதீர்கள், அமெரிக்காவில் அந்தப் பெயரில் எண்ணிலடங்காத தியேட்டர்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ‘குரோனிக்கிளிங் அமெரிக்கா’ தளம் இலவசம், 1963 வரைக்குமான பத்திரிகைகள் இருக்கின்றன. 1959 பெப்ரவரி 6 முதல் 13 வரைக்குத் தேதியை நெருக்கி, ஜேம்ஸ் டீன், நள்ளிரவு, மேடை என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துப் போடுங்கள். சினிமா விளம்பரப் பக்கம்தான் குறி. எழுத்து மங்கிய பக்கங்களைத் தேடுபொறி தவறவிடும், ஆகவே சின்ன ஊர்ப் பத்திரிகைகளின் பெப்ரவரி 12, 13 இதழ்களைக் கண்ணாலும் புரட்ட வேண்டிவரும். ‘பில்போர்ட்’ வார இதழின் பழைய பிரதிகளும் கூகுள் புக்ஸில் கிடக்கின்றன. மாய வித்தைக்காரர் எந்த ஊரில் சுற்றுகிறார் என்ற செய்தி அதில் வரும்.

மாமாவைச் சமாதானப்படுத்த வேண்டுமென்றால் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் கூடத்துக்குப் போய், அதே வாரத்து வீரகேசரியையும் டெய்லி நியூஸையும் கேட்டுப் பாருங்கள். கொழும்புத் தியேட்டர் விளம்பரங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். இப்படி ஒரு காட்சி நடந்திருந்தால் அங்கே கட்டாயம் விளம்பரம் இருக்கும்.

பழம்பட ரசிகை:

அமெரிக்க அட்டை கொழும்புப் பெட்டிக்குள் எப்படி வந்தது என்று கேட்டால், நான் அந்தக் கட்டலொக்குகளைத்தான் முதலில் புரட்டுவேன். அந்தத் தலைமுறை வித்தைக்காரர்கள் தபாலில் சாமான் வாங்கினார்கள், வெளிநாட்டு வித்தைக்காரரோடு கடிதம் வைத்துக்கொண்டார்கள், போஸ்டரும் மாற்றிக்கொண்டார்கள். உள்ளே கடித உறையோ ரசீதோ சொருகியிருந்தால் வீசிவிடாதீர்கள். ஸ்ரீலங்கா மேஜிக் சேர்க்கிளிலும் ஒரு வார்த்தை கேளுங்கள், மூத்தவர்கள் யாராவது உங்கள் அம்மப்பாவை அறிந்திருக்கக்கூடும்.

வெள்ளவத்தைப் பொடியன்:

கட்டலொக் ஒன்றுக்குள் அமெரிக்க முத்திரை ஒட்டிய வெறும் உறை இருக்கிறது. தபால் முத்திரையில் ஊர்ப் பெயர் பாதிதான் விழுந்திருக்கிறது, ஒஹாயோ என்ற மாநிலப் பெயர் மட்டும் தெளிவாக இருக்கிறது. உறை இந்தப் போஸ்டரோடு வந்ததா என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. இருந்தாலும் பத்திரிகைத் தேடலை ஒஹாயோவில் இருந்தே தொடங்குகிறேன்.

இதற்குள் ஒருவர் தனிச்செய்தியில் விலை கேட்டிருக்கிறார்.

அச்சுமை:

ஊரும் ஆளும் தெரியாமல் விலை பேச வேண்டாம். உறையையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து போடுங்கள், 600 டிபிஐக்குக் குறையாமல். பாதி முத்திரையிலும் வட்டத்தின் வளைவை வைத்து எத்தனை எழுத்து என்று எண்ணலாம்.