மறு: ‘கவுண்ட்’டுக்கு என்ன வைக்கலாம்?

வணக்கம். நெசவு நூல் எவ்வளவு மெல்லிசு என்று சொல்லும் ‘கவுண்ட்’ (count) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தேன். வந்த பதில்களில் ஒன்று:

> ‘நூலெண்’ என்று வைத்தால் சுருக்கமாக இருக்குமே.

சுருக்கந்தான். ஆனால் படித்ததும் எனக்கு நூலகப் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டுதான் நினைவுக்கு வந்தது. தச்சரைக் கேட்டால் இஞ்சில் எட்டில் ஒரு பங்குதான் நூல் என்பார். ஆங்கிலச் சொல்லுக்குப் பத்துப் பொருள் என்று குறைபட்டுக்கொள்கிறோம், நம்ம நூல் மட்டும் என்னவாம்?

இந்த மடலிழையை நான் ஏன் தொடங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விசைத்தறியில் மாட்டும் சின்னத் திரை ஒன்றுக்குத் தமிழ் போட்டுக் கொடுத்தேன். வந்த எக்செல் கோப்பில் வரிக்கு ஒரு சொல். எந்த இடத்தில் வரும் என்ற குறிப்பே கிடையாது. ‘எண்ட்ஸ்’ என்றிருந்ததை ‘முடிவுகள்’ ஆக்கினேன். ‘பிக்’ என்றால் ‘எடு’. ‘ஷெட்’ என்றால் ‘கொட்டகை’. ‘கவுண்ட்’ வந்த இடமெல்லாம் ‘எண்ணிக்கை’.

சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோனில் மாட்டிப் பார்த்தோம். ‘முடிவுகள்: 3200. நூல் எண்ணிக்கை: 40.’ தறிக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “ஏனுங் தம்பி, நாப்பது நூல்ல எப்புடிங்க துணி வரும்? கோவணத்துக்கே பத்தாதுங்களே!”

அவர் சொன்னது சரி. எண்ட் என்பது பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்களில், ஓர் இழை. பிக் என்பது நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை) ஒரு தடவை ஓடும்போது விழும் ஊடை இழை, அதாவது குறுக்கு இழை. ஷெட், பாவு மேலும் கீழுமாகப் பிரியும்போது நாடா ஓடக் கிடைக்கும் சந்து. நான் கட்டியது நிஜக் கொட்டகை.

ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு மட்டும் 430 பொருள். பின்னால் திருத்தும்போது ‘ரன்’ 645 பொருளோடு அதை முந்திவிட்டது. அகராதியை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு கலைச்சொல் ஆக்கினால் என் கதிதான்.

சரி, கவுண்டுக்கு வருவோம். 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ, அதுதான் பருத்தி நூலின் கவுண்ட். 40 என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம். எண் ஏற ஏற நூல் மெலியும். அதனால்தான் போன வாரம் ஒருவர் ‘நுண்ணெண்’ என்றார். நான் மறுத்தேன். டெனியர் என்று இன்னொரு நூல் அளவு இருக்கிறது. அதில் கணக்கு தலைகீழ்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்று பார்ப்பார்கள், எண் ஏறினால் நூல் தடிக்கும். 150 டெனியர் நூலை நுண்ணெண் 150 என்றால் பச்சைப்பொய் ஆகிவிடாதா?

அப்புறம் யோசித்தால், அதுவே அந்தச் சொல்லுக்குச் சாதகம். கவுண்ட் நுண்ணெண்ணாக இருக்கட்டும், டெனியர் போன்றவற்றைப் ‘பருமன் எண்’ என்போம். எது ஏறினால் எது மெலியும் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. ஆகவே என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். ‘நூலெண்’ணுக்கு மட்டும் சம்மதம் இல்லை.

ஆனால் இதெல்லாம் பாடப்புத்தகத்துக்கு. தறித்திரையில் ‘நூல் நம்பர்’ என்றே மாற்றிவிட்டேன். நூல் கடையில் “நாப்பதாம் நம்பர் குடுங்க” என்றுதான் கேட்கிறார்கள். ‘நம்பர்’ தமிழா என்று சண்டைக்கு வருபவர்கள் தனி மடலிழை தொடங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. மேலே சிட்டம் என்று எழுதியிருக்கிறேன். கழி என்றும் கேட்டிருக்கிறேன். சென்னிமலை, பவானிப் பக்கம் கைத்தறி வீட்டில் பிறந்தவர்கள் யாராவது குழுவில் இருந்தால், உங்கள் வீட்டில் எதைச் சொல்வார்கள்? இரண்டும் ஒன்றேதானா, வேறு வேறா?