பாத்ரூம் சுவரில் உள்ளங்கை அகல எட்டுக்கால் பூச்சி, வயிற்றில் வெள்ளைப் பொத்தான். என்னது இது?

மாடிவீட்டுக்காரி:
மூணு நாளா எங்க பாத்ரூம்ல ஒண்ணு குடியிருக்கு. காலையும் சேர்த்தா என் உள்ளங்கையை மூடிடும். பழுப்பு நிறம், தட்டை உடம்பு. கீசர் பின்னாடி விரல் நுழையாத இடுக்குல சர்ர்னு போயிடுது. வலை எதுவும் கட்டல. நேத்துலேருந்து வயித்துக்கு அடியில சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசா, வெள்ளையா ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. மாமியார் விளக்குமாறோட வந்துட்டாங்க, மேல ஊர்ந்தா அக்கி வருமாம். பையன் குளிக்க மாட்டேங்கறான் (அவனுக்கு ஒரு சாக்கு வேணும்). வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி இதே மாதிரி இன்னொண்ணு செத்துக் கிடந்தது, தூக்கினா கனமே இல்ல. அடிக்கலாமா, விடலாமா?

பூச்சிப்பித்தன்:
டார்ச் அடிச்சு முகத்தைப் பாருங்க. கண்ணுக்குக் கீழ வெளிர் மஞ்சளா, மீசை மாதிரி குறுக்குப் பட்டை இருக்கா? கால் நண்டு மாதிரி பக்கவாட்டுல விரிஞ்சிருக்கா? ரெண்டும் இருந்தா ஹெட்டரோபோடா வெனடோரியாங்கற சிலந்தி. 1767லயே லின்னேயஸ்ங்கற ஸ்வீடன் இயற்கை ஆய்வாளர் பேர் வச்சது. வெனடோரியான்னா வேட்டைக்காரி. வலை கட்டாம, ராத்திரி ஓடிப் பிடிச்சுத் தின்னும். கரப்பான்னா உயிர். வாழைத்தார் ஏத்தின கப்பல்கள்ல தொத்திக்கிட்டு ஊர் ஊராப் போன ஜாதி இது.

பொத்தான்னு நீங்க சொல்றது முட்டைப்பை. உள்ள இருநூறு குஞ்சு வரைக்கும் இருக்கலாம். சீண்டினா கடிக்கும். கடிச்சா வலியும் வீக்கமும், பொதுவா அதோட சரி. காலெல்லாம் தடியா, கம்பளி போத்தின மாதிரி முடியா இருந்தா அது டாரன்டுலா வகை, கை வைக்காதீங்க.

மெஷினுக்குப் பின்னாடி கிடந்தது பிணமா இருக்காது, உரிச்ச சட்டையா இருக்கும். அக்கிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அது எப்பவோ வந்த சின்னம்மைக் கிருமி உடம்புல பதுங்கியிருந்து மறுபடி எழும்புறது.

சிட்னிவாசி:
இங்க இதோட சொந்தக்காரங்க கார்ல ஏறி உக்காந்துக்கும். வெயிலுக்குத் தலைக்கு மேல இருக்கிற மறைப்பை இறக்கினேன், மடியில விழுந்தது. கத்தின கத்துல ஸ்டீயரிங்கை விட்டுட்டேன், நல்லவேளை சிக்னல்ல நின்னுட்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆஸ்திரேலியப் பாட்டி ஐஸ்கிரீம் டப்பாவைக் கவுத்து, அடியில ஒரு அட்டையைச் செருகி, மல்லி வாங்கிட்டுப் போற மாதிரி எடுத்துட்டுப் போனாங்க. எனக்கு இன்னும் அந்தத் தைரியம் வரல.

கரப்பானே_தேவலாம்:
தலைப்பைப் படிச்சதும் காலைத் தூக்கி நாற்காலி மேல வச்சுக்கிட்டேன். மீசை இருக்கான்னு வேற பாக்கணுமா!

மாடிவீட்டுக்காரி:
பாத்துட்டேன், மீசை இருக்கு. முட்டைன்னு சொன்னதும் மாமியார் விளக்குமாத்தைக் கீழ போட்டுட்டாங்க. "பிள்ளைத்தாச்சியை விரட்டாதே, பெத்துட்டுப் போகட்டும்"னு ஒரே பேச்சு. இப்ப பையனோட சேர்ந்து நானும் கீழ்வீட்டு பாத்ரூமுக்குப் போயிட்டிருக்கேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அந்த இருநூறும் வெளிய வந்தா எங்க போகும்?

பூச்சிப்பித்தன்:
சிலது ஒண்ணையொண்ணு தின்னும். மிச்சத்துக்குப் பல்லி இருக்கு. தப்பிக்கிறது ரொம்பக் கொஞ்சம். ஆனா முதல் நாள் ராத்திரி நீங்க அங்க போகாம இருக்கிறது நல்லது.