என்சைம் மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சேலம் உறுப்பினர்:

மதியம் சாப்பிட்டு எழுந்தால் வயிறு உப்பிவிடுகிறது. ஏப்பமும் வாயுவுமாக மாலை வரை உட்கார முடிவதில்லை. மருந்துக்கடையில், பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த, உணவைச் செரிக்க வைக்கும் என்சைம் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கறிக்குழம்பு சாப்பிட்ட நாளில் வயிறு லேசாக இருக்கிறது. சுண்டலோ ராஜ்மாவோ சாப்பிட்டால் மட்டும் அதே பழைய தொல்லை. வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?

திருச்சி உறுப்பினர்:

சுண்டலுக்கு அந்த மாத்திரை வேலை செய்யாது, அக்கா. பப்பாளியில் உள்ள பப்பெய்ன் புரதத்தை உடைக்கும்; அதனால்தான் கறிக்குழம்புக்கு உதவியிருக்கலாம். பயறு வகைகளில் வாயு வருவது ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளால். அவற்றை உடைக்கும் என்சைம் நம் சிறுகுடலில் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய்விடும், அங்கே இருக்கும் பாக்டீரியா அவற்றைப் புளிக்க வைத்து வாயுவாக்கும். இதற்கு ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் வேண்டும். அது பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்து வருவது. ஆனாலும் சில டப்பாக்களில் ‘தாவர என்சைம்’ என்றே போட்டிருக்கும். கடலையை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தாலே பாதித் தொல்லை குறையும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம்.

எனக்குப் பால்தான் எதிரி. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் காபி குடிக்க முடிகிறது. முதல் வாய் பாலோடு போட வேண்டும். குடித்து அரை மணி கழித்துப் போட்டால் எனக்குப் பலனே இருந்ததில்லை. தயிர் எனக்கு மாத்திரை இல்லாமலே ஒத்துக்கொள்கிறது. உறையும்போதே அதிலுள்ள லாக்டோஸில் ஒரு பங்கை பாக்டீரியா தின்றுவிடுகிறது.

தாராபுரம் உறுப்பினர்:

நாங்கள் பப்பாளிப் பால் எடுத்த குடும்பம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5 ரகங்கள் இதற்கு ஏற்றவை. 75 முதல் 90 நாள் ஆன பச்சைக் காயில், காலை 10 மணிக்கு முன்னால், 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் நாலு கீறல் போடுவோம். மூன்று நாலு நாள் இடைவெளி விட்டு மறுபடியும் கீறுவோம். இரும்புப் பாத்திரம் படக்கூடாது, பால் கறுத்துக் கெட்டுவிடும். பாலைக் காயவைக்கும்போது சூடு 55 டிகிரியைத் தாண்டினால் வீரியம் போய்விடும். கையில் பட்டால் தோல் எரியும், உறை போட்டுக்கொண்டுதான் வேலை. கீறிய காய் டூட்டி ஃப்ரூட்டி செய்யப் போகும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாப்பிட்டபின் பழுத்த பப்பாளி தின்றால் என்சைம் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். காய் பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடும். பழத்தில் மிஞ்சுவது சொற்பம். மலச்சிக்கலுக்குப் பழம் நல்லதுதான், அது நார்ச்சத்தும் நீரும் செய்யும் வேலை. ஆட்டுக்கறி சீக்கிரம் வேகப் போடுவது பச்சைக்காய்த் துண்டுதானே! இன்னொன்று: பலூன், ரப்பர் கையுறை பட்டால் அரிப்பு வருகிறவர்களுக்குப் பப்பாளிப் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் இந்த மாத்திரையைத் தொட வேண்டாம்.

நாகர்கோவில் உறுப்பினர்:

என் அண்ணன் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இருபது வயசுக்கு மேல் அடிக்கடி வயிற்றுவலி. நன்றாகச் சாப்பிடுவான், ஆனால் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதக்கும், எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் போகாது. செரிமானக் கோளாறு என்று எல்லோரும் சொல்ல, என்சைம் டானிக்கைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தான். அப்புறம் சர்க்கரையும் வந்தது. ஸ்கேன் எடுத்தபோதுதான் கணையத்தில் கற்கள் இருப்பது தெரிந்தது. அவன் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. கேரளாவிலும் நம் பக்கத்திலும் குடிக்காத இளைஞர்களுக்கே இப்படிக் கணையம் கெடுவது புதிதில்லை என்று மருத்துவர் சொன்னார்.

அவனுக்கு இப்போது சாப்பாட்டோடு பான்கிரியாட்டின் என்ற கணைய என்சைம் கேப்சூல். அது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை, செடியிலிருந்து எடுத்தது எதையாவது தரக்கூடாதா என்று கேட்டார். பப்பெய்னுக்குக் கொழுப்பைச் செரிக்க வைக்கும் சக்தி கிடையாது, இவனுக்கு வேண்டியது கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அந்தக் கேப்சூல் மருந்து வயிற்று அமிலத்தில் கரையாதபடி பூச்சு போட்டு வருகிறது. டப்பாவில் 10,000, 25,000 என்று லைப்பேஸ் யூனிட் இருக்கும். எடை ஏறிவிட்டது, முகத்தில் களை வந்துவிட்டது.

எடை குறைந்தாலோ, மலத்தில் எண்ணெயோ ரத்தமோ தெரிந்தாலோ, வலி இரவில் எழுப்பினாலோ கடையில் மாத்திரை வாங்கி நாள் கடத்தாதீர்கள். குடல் இரைப்பை மருத்துவரிடம் போங்கள்.

சேலம் உறுப்பினர்:

எல்லோருக்கும் நன்றி. எனக்கு எடை குறையவில்லை, வலியும் இல்லை. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். மாமியாருக்கும் வயிறு உப்புசம். இதய வால்வு மாற்றியதால், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறார். இந்தப் பப்பாளி என்சைம் மாத்திரையையே அவருக்கும் கொடுக்கலாமா?

திருச்சி உறுப்பினர்:

கொடுக்காதீர்கள், அக்கா. பப்பெய்னும் அன்னாசியிலிருந்து வரும் புரோமலைனும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். அடுத்த முறை ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டையையும் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். சில மாத்திரைகளில் கரியும் கலந்திருக்கும். அது மற்ற மருந்துகளை உறிஞ்சிக்கொள்ளும், மலமும் கறுப்பாகப் போகும். வார்ஃபரின் எடுப்பவருக்குக் கறுப்பு மலம் ரத்தக்கசிவுக்கு அடையாளம். கரியால் வந்ததா, கசிவா என்று வீட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.