நாட்டுக்கு எதற்கு இரண்டு தலைவர்கள்?

வெண்பலகை:
என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்தை நடத்துகிறவரை மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவருக்கு மேலே அலங்காரத்துக்கு ஒரு குடியரசுத் தலைவரோ மன்னரோ வேண்டாம். கீழே பழி ஏற்க ஒரு பிரதமரும் வேண்டாம். அமெரிக்காவில் 1789 முதல் நாட்டின் அடையாளமான அரசுத் தலைவரும் ஆட்சியை நடத்தும் அரசாங்கத் தலைவரும் ஒரே ஆள்தான். யார் பொறுப்பு என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும்.

நாடாளுமன்ற முறையில் என்ன நடக்கிறது? பிரிட்டனில் 2022-இல் ஒரே ஆண்டில் மூன்று பிரதமர்கள். ஜான்சன் போனார், டிரஸ் வந்தார், ஐம்பது நாளைக்கூடத் தாண்டவில்லை, சுனக் வந்து உட்கார்ந்தார். நடுவில் பொதுத்தேர்தலே கிடையாது. ஆஸ்திரேலியாவில் 2010-க்கும் 2018-க்கும் இடையில் நான்கு முறை ஆளுங்கட்சியே தன் பிரதமரைக் கவிழ்த்தது. கட்சிக்காரர்கள் ஓர் அறையில் கூடி முடிவெடுக்கிறார்கள், ஓட்டுப் போட்டவர் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். இதற்குப் பெயர் ஜனநாயகமா?

பழையதாள்:
நீங்கள் குறை என்று சொல்வதைத்தான் நான் அந்த முறையின் பலம் என்பேன். டிரஸ் அரசு செப்டம்பரில் ஒரு மினி பட்ஜெட் போட்டது. பவுண்டு சரிந்தது, அரசுக் கடன் பத்திரச் சந்தை ஆட்டம் கண்டது, அந்நாட்டு மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி உள்ளே இறங்கிப் பத்திரங்களை வாங்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே ஆளை மாற்றிவிட்டார்கள்.

இதே வேலையை ஓர் அமெரிக்க ஜனாதிபதி செய்திருந்தால் நான்கு வருடம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பதவி நீக்க நடைமுறை இருக்கிறதே என்பீர்கள். ஆண்ட்ரூ ஜான்சன் 1868, கிளின்டன் 1998, டிரம்ப் 2019, மறுபடி 2021. நான்கு முறையும் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டியது, செனட் ஒருவரையும் நீக்கவில்லை. அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், குற்றம் என்று ஒன்றைக் காட்டவும் வேண்டும். நிர்வாகம் தெரியாதவர் என்பது அங்கே குற்றமே கிடையாது.

நிழலமைச்சர்:
இரண்டு பேருமே 'ஜனாதிபதி', 'பிரதமர்' என்று இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். பலகையில் எழுதியிருக்கும் பதவிப் பெயரைப் பார்த்து உள்ளே இருப்பவரின் அதிகாரத்தைக் கணக்குப் போட முடியாது.

தென்னாப்பிரிக்காவை எடுங்கள். பெயர் ஜனாதிபதி. ஆனால் மக்கள் அவருக்கு நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. தேசிய சட்டமன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது, நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு அதே சபை இறக்கவும் முடியும். 2008-இல் எம்பெக்கி, 2018-இல் ஜூமா, இருவரையும் சொந்தக் கட்சியே ராஜினாமா செய்ய வைத்தது. வெண்பலகை சொன்ன ஆஸ்திரேலியக் கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இத்தாலியில் ஆட்சி நடத்துபவருக்கு அமைச்சரவைத் தலைவர் என்று பெயர். பெருவிலும் ஏறக்குறைய அதே பெயரில் ஒருவர் இருக்கிறார், ஆனால் அங்கே ஆட்சி ஜனாதிபதி கையில்.

உச்சமான உதாரணம் சோவியத் ஒன்றியம். 1930 முதல் 1941 வரை காகிதப்படி அரசாங்கத் தலைவர் மொலோட்டோவ். ஸ்டாலின் கட்சியின் பொதுச் செயலாளர் மட்டுமே. 1941 மே மாதம்தான் அரசாங்கத் தலைமையையும் தன் பெயரில் எழுதிக்கொண்டார். அந்தக் காலம் முழுக்க ஆட்சி யார் கையில் இருந்தது என்று யாருக்காவது சந்தேகம் உண்டா?

ஆகவே என் கேள்வி ஒன்றே ஒன்று: இவரை வீட்டுக்கு அனுப்ப யாரால் முடியும்? அதைச் சொல்லுங்கள், அவர் யார் என்று நான் சொல்கிறேன்.

வெண்பலகை:
நிழலமைச்சரே, ஸ்டாலின் உதாரணம் என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அதிகாரம் ஓரிடத்திலும் பெயர்ப்பலகை இன்னோரிடத்திலும் இருந்தால் மக்கள் ஏமாறுகிறார்கள். அதனால்தான் இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுங்கள் என்கிறேன். ரஷ்யாவில் 2008-இல் புதின் ஜனாதிபதி பதவியை மெத்வதேவிடம் கொடுத்துவிட்டுப் பிரதமராக உட்கார்ந்தார், 2012-இல் திரும்ப ஜனாதிபதி ஆனார். இரண்டு நாற்காலி போட்டு வைத்ததால்தானே இந்த இடமாற்றம் நடந்தது?

அலைகரை:
இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு நாற்காலி இருந்தால் குழப்பம் என்று வெண்பலகை சொல்வதை நாங்கள் நேரிலேயே பார்த்தவர்கள். ஆனால் அதற்கு அவர் சொல்லும் மருந்தை நான் ஏற்கமாட்டேன்.

2018 அக்டோபர் 26, வெள்ளிக்கிழமை இரவு. ஜனாதிபதி சிறிசேன திடீரென்று மகிந்த ராஜபக்சவைப் பிரதமராகப் பதவியேற்க வைத்தார். ரணில் விக்கிரமசிங்க நான்தான் பிரதமர் என்று பிரதமரின் இல்லமான அலரி மாளிகையை விட்டு நகரவில்லை. நாட்டுக்கு இரண்டு பிரதமர்! நவம்பரில் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார், நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது, சபை மீண்டும் கூடியது. சபாநாயகரின் ஆசனத்தை மகிந்த தரப்பினர் பிடித்துக்கொண்டார்கள். அவர் பொலிஸ் பாதுகாப்போடு உள்ளே வந்து வாக்கெடுப்பு நடத்த வேண்டியதாயிற்று. பொலிஸார் மீது மிளகாய்த் தூள் வீசினார்கள். உலகமே பார்த்தது.

முடிவில் டிசம்பர் 13-ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, கலைத்தது செல்லாது என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. (எங்களுடைய உயர் நீதிமன்றம் என்பது இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பீர்களே, அது.) மூன்று நாளில் ரணில் மறுபடியும் பிரதமர்.

இதில் கவனிக்க வேண்டிய இடம், 2015-இல் வந்த 19-ஆவது திருத்தம். அதற்கு முன், 1978 அரசியலமைப்பின்படி ஜனாதிபதி நினைத்தால் பிரதமரை நீக்கலாம். அந்தத் திருத்தம் அந்த அதிகாரத்தை எடுத்தது. பழைய சட்டமே இருந்திருந்தால் ஒரு கடிதத்தோடு கதை முடிந்திருக்கும், நீதிமன்றம் போக வழியே இருந்திருக்காது. நிழலமைச்சர் கேட்ட கேள்விதான் எங்களுக்கு ஐம்பது நாள் நாட்டையே நிறுத்தி வைத்த கேள்வி.

வெண்பலகை:
அலைகரை, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் பிரதமர் என்ற பதவியே இல்லாதிருந்தால் அந்த ஐம்பது நாளும் இல்லை, சரிதானே? துருக்கி 2018-இல் அதைத்தான் செய்தது. பிரதமர் பதவியையே எடுத்துவிட்டது.

அலைகரை:
துருக்கியில் அதிகாரம் முழுக்க ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்தது. சண்டை போட ஆளில்லாததால் சண்டை இல்லை. அதை அமைதி என்று நீங்கள் சொல்லலாம், நான் சொல்லமாட்டேன்.

பழையதாள்:
நேரடித் தேர்தல் என்ற வாதத்துக்கு வருகிறேன். அதைச் செய்து பார்த்த நாடு ஒன்று உண்டு. இஸ்ரேல் 1996, 1999, 2001 ஆகிய மூன்று தேர்தல்களில் பிரதமரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தது. பிரதமருக்கு ஒரு வாக்குச் சீட்டு, கட்சிக்கு ஒரு வாக்குச் சீட்டு. சின்னக் கட்சிகளின் மிரட்டல் ஒழியும், பிரதமர் பலமாக இருப்பார் என்று கணக்குப் போட்டார்கள்.

நடந்தது நேர்மாறு. வாக்காளர் பிரதமர் சீட்டில் பெரிய கட்சித் தலைவருக்குப் போட்டார், கட்சிச் சீட்டில் தன் மனதுக்குப் பிடித்த சின்னக் கட்சிக்குப் போட்டார். 1999-இல் எஹுத் பாராக் பெரிய வித்தியாசத்தில் வென்றார், ஆனால் 120 பேர் கொண்ட சபையில் அவருடைய அணிக்கு 26 இடம்தான். மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர், கையில் சபை இல்லை. இரண்டு வருடத்துக்குள் ஆட்டம் முடிந்தது. 2001-இல் அந்தச் சட்டத்தையே தூக்கிப் பழைய முறைக்குத் திரும்பினார்கள்.

வெண்பலகை:
இஸ்ரேல் பாதிக் கிணறு தாண்டியது, அதனால் விழுந்தது. மக்கள் தேர்ந்தெடுத்தவரைக் கவிழ்க்கும் அதிகாரத்தைச் சபையிடமே விட்டுவைத்தார்கள். முழுசாகப் போயிருந்தால், அதாவது பதவிக்காலத்துக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தால், கதை வேறு.

நிழலமைச்சர்:
உத்தரவாதமா? பெருவில் ஜனாதிபதிக்கு ஐந்து வருட உத்தரவாதம் உண்டு. 2020 நவம்பர் 9-ஆம் தேதி ஜனாதிபதி விஸ்கார்ராவை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் நீக்கியது. அடுத்து வந்த மெரினோ ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பிறகு சகாஸ்தி. பத்து நாளுக்குள் மூன்று ஜனாதிபதிகள். பிரிட்டன் மூன்று பேரை மாற்ற ஒரு வருடம் எடுத்துக்கொண்டது, பாவம்.

பழையதாள்:
:-) கவிழ்ப்பதுதான் பிரச்சினை என்றால் அதற்கு ஜெர்மனி நல்ல பூட்டு ஒன்று போட்டு வைத்திருக்கிறது. அவர்களின் அரசியல் சாசனமான 1949 அடிப்படைச் சட்டத்தின் 67-ஆவது பிரிவு. சான்சலர் (அங்கே பிரதமருக்கு நிகரானவர்) மேல் நம்பிக்கை இல்லை என்று மட்டும் சொல்லி இறக்க முடியாது. அடுத்த சான்சலர் யார் என்று அதே ஓட்டெடுப்பில் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுக்க வேண்டும். இடிக்க மட்டும் ஒன்று சேருகிறவர்களுக்கு அங்கே வேலையில்லை. ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியான வைமர் குடியரசில் எதிரும் புதிருமான கட்சிகள் சேர்ந்து கவிழ்ப்பதும், பிறகு ஆட்சி அமைக்க ஆளில்லாமல் திண்டாடுவதுமாக இருந்ததால் வந்த ஏற்பாடு.

1972-இல் சான்சலர் வில்லி பிராண்டைக் கவிழ்க்கப் பார்த்தார்கள், எதிர்க்கட்சித் தலைவர் பார்ட்ஸெலுக்கு இரண்டு ஓட்டுக் குறைந்தது. 1982-இல் ஷ்மிட் போய் கோல் வந்தார். ஜெர்மன் நாடாளுமன்றத்தில் இந்தப் பூட்டைத் திறந்தது அந்த ஒரே முறைதான். ஸ்பெயினிலும் இதே விதி இருக்கிறது. 2018-இல் ரஹோய் இறங்கிய அதே ஓட்டெடுப்பில் சாஞ்சஸ் ஏறினார். இடையில் ஒரு நாள்கூட வெற்றிடம் இல்லை.

மாறாக, பிரான்ஸில் இந்தப் பூட்டு இல்லை. 2024 டிசம்பரில் இடதுசாரிகளும் தீவிர வலதுசாரிகளும் சேர்ந்து பார்னியே அரசைக் கவிழ்த்தார்கள், 1962-க்குப் பிறகு முதல் தடவையாக. சேர்ந்து ஆளும் எண்ணம் இரண்டு பேருக்கும் கிடையாது. இன்னொன்று: பிரான்ஸில் ஜனாதிபதிதான் எல்லாம் என்று நினைப்பவர்கள் 1997 முதல் 2002 வரை பாருங்கள். சிராக் ஜனாதிபதி, எதிர்க்கட்சியான சோஷலிஸ்டுகளின் ஜோஸ்பான் பிரதமர். உள்நாட்டு ஆட்சி ஐந்து வருடமும் ஜோஸ்பான் கையில். அதற்காக அரசியல் சாசனத்தில் ஓர் எழுத்து மாறவில்லை, சபையில் பெரும்பான்மை மாறியது, அவ்வளவுதான்.

முச்சந்தி:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், ஒரு சின்னத் தகவல். ஆஸ்திரேலிய அரசியல் சாசனத்தில் பிரதமர் என்ற பதவியே எழுதப்படவில்லை. லண்டனில் பிரதமரின் 10, டவுனிங் தெரு வீட்டுக் கதவின் பித்தளைத் தகட்டில் இன்றைக்கும் இருப்பது கருவூலத்தின் முதல் பிரபு என்ற பட்டம்தான். 1721-இல் வந்த வால்போலை முதல் பிரதமர் என்கிறோம், ஆனால் அரசின் அதிகாரபூர்வ முன்னுரிமைப் பட்டியலில் பிரதமர் ஏறியது 1905-இல். நம் பக்கமும் 1937-இல் சென்னை மாகாணத்துக்கு ராஜாஜி தலைமையேற்றபோது அதன் பெயர் முதலமைச்சர் அல்ல, பிரீமியர். ஜம்மு காஷ்மீரில் 1965 வரை ஆட்சித் தலைவருக்குப் பிரதமர் என்றே பெயர். அப்புறம் சுவிட்சர்லாந்தை யாரும் சொல்லவில்லையே? ஏழு பேர் கொண்ட சபைதான் அரசாங்கம், தலைவர் பட்டம் வருடத்துக்கு ஒருவராகச் சுற்றிவரும். வெண்பலகை ஒரு தலைவர் போதும் என்கிறார், அவர்கள் ஒருவரும் வேண்டாம் என்கிறார்கள்.

வெண்பலகை:
முச்சந்தி, சுவிட்சர்லாந்து நல்ல நாடுதான். பெரிய நாட்டில் போர் வந்தால் ஏழு பேரைக் கூட்டி ஓட்டெடுப்பு நடத்துவீர்களா?

பழையதாள் சொன்ன ஜெர்மன் பூட்டை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மூல ஆட்சேபம் அப்படியே நிற்கிறது. 1982-இல் கோல் வந்தபோது மக்களா ஓட்டுப் போட்டார்கள்? கூட்டணியில் இருந்த சுதந்திர ஜனநாயகக் கட்சி பக்கம் மாறியது, ஆட்சி மாறியது.

பழையதாள்:
அடுத்த மார்ச்சிலேயே கோல் தேர்தலைச் சந்தித்தார், ஜெயித்தார். மக்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள்.

வெண்பலகை:
பார்த்தீர்களா, நீங்களே கடைசியில் மக்களிடம்தான் போகிறீர்கள்.

நிழலமைச்சர்:
வெண்பலகைக்கு ஒரு வழக்கு தருகிறேன், நாடு அளவில் இல்லை, மாகாண அளவில். ஜப்பானில் பிரதமரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது, மாகாண ஆளுநரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாகாண சபை நான்கில் மூன்று பங்கு ஓட்டோடு நம்பிக்கையில்லாத் தீர்மானம் போடலாம். போட்டால் ஆளுநர் பத்து நாளுக்குள் சபையைக் கலைக்க வேண்டும், இல்லாவிட்டால் பதவி போய்விடும். 2024 செப்டம்பரில் ஹ்யோகோ மாகாணத்தில் ஊழியர்களைக் கொடுமைப்படுத்தினார் என்ற புகாரில் ஆளுநர் சைட்டோ மீது 86 உறுப்பினர்களும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். அவர் சபையைக் கலைக்கவில்லை. பதவி போனது. நவம்பரில் மறுபடியும் தேர்தலில் நின்றார், ஜெயித்தார்.

வெண்பலகை:
இதைத்தான் நான் காலையிலிருந்து சொல்கிறேன்! 86 பேர் சொன்னதை மக்கள் தள்ளுபடி செய்தார்கள்.

அலைகரை:
அந்த 86 பேரையும் அதே மக்கள்தானே தேர்ந்தெடுத்தார்கள்? இப்போது அதே சபை, அதே ஆளுநர். அடுத்த பட்ஜெட்டை யார் நிறைவேற்றுவது?