முதல் மினி சீசன், 14 டைவ்தான் அனுபவம்: சிங்கி இறாலுக்கு எந்த வலை வாங்கலாம்?

போம்பனோ_புதியவன்

வணக்கம். தெற்கு ஃப்ளோரிடாவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, போம்பனோ பீச் பக்கம் வீடு. போன நவம்பரில் ஓபன் வாட்டர் என்ற ஆரம்ப ஸ்கூபா கோர்ஸ் முடித்தேன், இதுவரை மொத்தம் 14 டைவ், அதிகபட்சம் 50 அடி. ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் படகு இருக்கிறது, ஜூலை கடைசி புதன், வியாழன் வரும் மினி சீசனுக்கு (வழக்கமான சீசனுக்கு முன் சிங்கி இறால் பிடிக்க விடும் இரண்டு நாள்) நான்கு பேர் போகலாம் என்று பிளான். மூன்றாவது ரீஃபுக்கு (கரையிலிருந்து மூன்றாவதாக, ஆழத்தில் இருக்கும் பாறை வரிசை) போனால்தான் பெரிசு கிடைக்கும், நாலு பேரும் ஒன்றாக இறங்கி அரை மணி நேரத்தில் ஆளுக்கு 12 எடுத்துவிடலாம் என்கிறார். லைசென்ஸும் 5 டாலர் லாப்ஸ்டர் பெர்மிட்டும் எடுத்துவிட்டேன். கடையில் வலை மட்டும் ஐந்து வகை இருக்கிறது, சுருக்குக் கம்பி வேறு இருக்கிறது, குழப்பமாக இருக்கிறது. முதல்முறை போகிறவனுக்கு எது நல்லது? வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ரீஃப்_ராணி

ஒரே கேள்வி. நாலு பேரும் இறங்கினால் படகில் யார் இருப்பது?

போம்பனோ_புதியவன்

நங்கூரம் போட்டுவிட்டுப் போகலாம் என்றார்...

ரீஃப்_ராணி

அப்படியானால் வலையைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் இதைக் கேளுங்கள்.

நம் கரையில் வளைகுடா நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டே இருக்கும். சில நாள் ஒன்றும் தெரியாது, சில நாள் மூன்றாவது ரீஃபில் துடுப்பு அடித்தும் நின்ற இடத்தில் நிற்க முடியாது. இறாலைத் துரத்திக்கொண்டே போய் மேலே வந்தால் நங்கூரம் போட்ட படகு தெற்கே எங்கோ தெரியும், அதை நோக்கி நீந்துவது நடக்கிற காரியமில்லை. அதனால்தான் இங்கே பலரும் மிதவைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்தோடு போகிறோம், படகு ஓட்டத் தெரிந்த ஒருவர் மேலே கொடியைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவார். உங்கள் நண்பர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

கொடி விஷயத்தில் இன்னொன்று. சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட கொடி, படகில் 20க்கு 24 அங்குலம், மிதவையில் 12க்கு 12 அங்குலம். திறந்த கடலில் அதிலிருந்து 300 அடிக்குள் நாம் இருக்க வேண்டும், வாய்க்காலிலும் முகத்துவாரத்திலும் 100 அடி. அந்த வட்டத்துக்குள் வரும் படகு வேகத்தைக் குறைத்தாக வேண்டும் என்பது சட்டம், ஆனால் மினி சீசன் அன்று வருடத்துக்கு ஒரு முறை படகை எடுப்பவர்கள் எல்லாம் கடலில் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது காற்று. சாதாரண 80 கன அடி டேங்க், நிரப்பினால் காற்றின் அழுத்தம் 3000 பிஎஸ்ஐ. 60 அடியில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல 2.8 மடங்கு, அதனால் காற்றும் அத்தனை மடங்கு வேகமாகத் தீரும். புதிதாக வந்தவர், தலைகீழாகப் பொந்துக்குள் கையை விட்டுக்கொண்டு மூச்சு வாங்குபவர், நிமிடத்துக்கு ஒரு கன அடிக்குக் குறையாமல் இழுப்பார். 500 பிஎஸ்ஐ மீதியோடு படகில் ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டால் கீழே உங்களுக்கு 25 நிமிடம்கூட வராது, அதிலும் மேலே ஏறும் நேரமும் 15 அடியில் நிற்கும் மூன்று நிமிடமும் கழியும். நண்பர் சொன்ன அரை மணி எங்கிருந்து வந்தது?

நானே மாட்டியிருக்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு பெரிய இறால், விளிம்புப் பாறைக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது, நானும் போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் காற்றின் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தால் 400. திரும்பிப் பார்த்தால் கூட வந்தவரைக் காணோம், அவர் வேறொரு இறாலின் பின்னால். அன்று ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மேலே வந்து படகில் உட்கார்ந்தபோது கை நடுங்கியது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கு ஒரே வலைதான்: ஒருவர் பிடிப்பார், மற்றவர் பையையும் கேஜையும் பார்ப்பார். ஒவ்வொரு இறாலுக்கும் முன்பும் பின்பும் காற்று எவ்வளவு என்று கையால் காட்ட வேண்டும். கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை.

முட்டம்_கடலோரம்

ராணி அக்கா சொன்னதில் மாற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிடிக்கும் விதம் மட்டும் நான் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பாருக்கு (கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு) மேலே சாயங்காலம் வலையை இறக்கிவிட்டு விடியற்காலம் போய் எடுப்பார்கள், தண்ணீருக்குள் போய்ப் பிடிக்கலாம் என்பதே எனக்கு இங்கே வந்துதான் தெரியும். ஆள் என்னவோ பங்காளிதான், ஊரில் இருப்பதும் இங்கே இருப்பதும் பானுலிரஸ் வகை, பெரிய கொடுக்கு கிடையாது, முள் வைத்த மீசைதான் ஆயுதம். பகலில் பொந்துக்குள் உட்கார்ந்து மீசையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மீசையைப் பிடித்து இழுத்தால் மீசைதான் கையில் வரும்.

நீளமான குச்சியைப் பக்கவாட்டில் மெதுவாக விட்டு அதன் வாலைத் தட்ட வேண்டும். பின்னால் ஏதோ இருக்கிறது என்று அது முன்னால் நடந்து வெளியே வரும். வெளியே வந்ததும் வலையை அதன் பின்னால் மணலோடு ஒட்டி வையுங்கள், இப்போது குச்சியால் மூக்கை லேசாகத் தொடுங்கள். பயந்தால் அது பின்பக்கமாகத்தான் பாயும், நேராக வலைக்குள். விளிம்பை உடனே தரையில் அமுக்காவிட்டால் அடியில் புகுந்து போய்விடும். ஒரு முறை தப்பிப் பாய்ந்ததைத் துரத்தாதீர்கள், வாலை அடித்துப் பின்னால் போகும் வேகத்துக்கு மனிதன் துடுப்பு ஈடு கிடையாது, காற்றுதான் போகும்.

சுருக்குக் கம்பி பழகியவர்களுக்கு, ஆழமான பொந்துக்கு நல்லது. உங்களுக்குக் குட்டைப் பிடி வைத்த சாதாரண வலை, ஒரு குச்சி, தடித்த கையுறை, வாய் தானாக மூடும் பை, அளவு கேஜ், போதும். ஈட்டி, கொக்கி, இறாலின் ஓட்டைக் குத்தும் எதுவும் கூடாது.

பொந்தில் கை விடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை விலாங்கு அதே பொந்தில் குடியிருக்கும். லயன்ஃபிஷும் இருக்கும், 18 விஷ முள்.

கீஸ்_வாசி

லயன்ஃபிஷ் பற்றிச் சொன்னீர்கள், அதை அமெரிக்க அட்லாண்டிக்கில் முதலில் பார்த்ததே 1985இல் டேனியா பீச்சில், உங்கள் பக்கத்து ஊர்தான் :) அதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. குத்தினால் தாங்கும் அளவுக்குச் சூடான தண்ணீரில் கையை வையுங்கள், ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

எண்ணிக்கை: மினி சீசனில் உங்கள் ப்ரோவார்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12, எங்கள் மன்ரோ கவுண்டியில் 6. இங்கே அந்த இரண்டு நாளும் இரவு டைவ் கூடாது, பென்னிகேம்ப் பார்க்கில் பிடிக்கவே கூடாது. ஆகஸ்ட் 6 முதல் மார்ச் 31 வரை வழக்கமான சீசன், அப்போது ஆளுக்கு 6. தலை ஓடு 3 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும், கண்களுக்கு நடுவே இருக்கும் விளிம்பிலிருந்து ஓட்டின் பின் விளிம்பு வரை, வாலைச் சேர்க்காமல். தண்ணீருக்குள்ளேயே அளந்து சின்னதை அங்கேயே விட வேண்டும், படகில் ஏற்றி அளந்துகொள்ளலாம் என்று நினைத்து அபராதம் கட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. வாலுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் சினை இருந்தால் தொடாமல் விடுங்கள். கரைக்கு வரும்வரை வாலை ஒடிக்கக் கூடாது.

என் சொந்த அபிப்பிராயம்: மினி சீசனையே விட்டுவிடுங்கள். திருவிழாக் கூட்டத்தில் நீச்சல் பழகுவது மாதிரி. அக்டோபர் வாக்கில் வாருங்கள், கூட்டம் போயிருக்கும். முதல் குளிர்ப் புயல் அடித்த பின் சில சமயம் இறால்கள் ஒன்றன் பின் ஒன்றாக, முன்னால் போவதன் மேல் மீசையை வைத்துக்கொண்டு மணலில் வரிசையாக நடந்து போகும். நான் இருபது வருடத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பிடிக்கத் தோன்றவில்லை. (பொய், இரண்டு பிடித்தேன்.)

முட்டம்_கடலோரம்

நம் ஊரில் ஏற்றுமதிக்கு எடைதான் கணக்கு, 2003இல் வந்த விதி, நம் பக்கத்துச் சிங்கி 200 கிராமுக்குக் குறையக் கூடாது. இங்கே தலை ஓட்டின் நீளத்தை அளக்கிறார்கள். தண்ணீருக்குள் தராசு கொண்டு போக முடியாது, அதனால் இதுதான் சரி.

போம்பனோ_புதியவன்

எல்லோருக்கும் நன்றி, போய் வந்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். நண்பரிடம் படகில் ஆள் வேண்டும் என்று சொன்னதும் முகம் சுளித்தார், பிறகு அவருடைய மச்சானைக் கூட்டி வந்தார், அவருக்கு டைவிங் தெரியாது, படகு நன்றாகத் தெரியும். மூன்றாவது ரீஃபை நான் மறுத்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேர் ஆழத்துக்குப் போனார்கள், நானும் இன்னொருவரும் முதல் ரீஃபில் 20 அடியில் இறங்கினோம். முதல் டேங்க் முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை, மூன்று மீசையை ஒடித்ததுதான் மிச்சம், சொல்லியும் கேட்காமல் இழுத்தேன். இரண்டாவது டேங்கில் குச்சி வேலை பிடிபட்டது. ஐந்தை வெளியே கொண்டு வந்தோம், இரண்டு சின்னது, ஒன்றில் சினை. இரண்டுதான் வீட்டுக்கு வந்தது. அவர்கள் ஒன்பதோடு வந்தார்கள், அதில் ஒருவர் 300 பிஎஸ்ஐயோடு ஏறினார், அதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை.

இப்போது சமையலறையில் நிற்கிறேன். வாலை ஒடித்துவிட்டேன், உள்ளே இருக்கும் குடலை எப்படி எடுப்பது?

ரீஃப்_ராணி

இரண்டும் நியாயமாகப் பிடித்தது, சந்தோஷம். மீசையில் ஒரு துண்டை ஒடியுங்கள், வாலின் நுனியில் இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி இழுங்கள். மீசையில் இருக்கும் முட்கள் குடலைப் பிடித்துக்கொண்டு முழுதாக வந்துவிடும்.

முட்டம்_கடலோரம்

மிளகு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய் எண்ணெய். கரம் மசாலா டப்பாவைத் தொடாதீர்கள். வெந்தது போதும் என்று தோன்றுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ரப்பர்.