செம்மண் தடங்களுக்குக் கழுவி மாட்டும் ஏர் ஃபில்டர் ஏற்றதா? அனுபவப் பகிர்வு

காரைக்குடி உறுப்பினர்:

கழுவித் திரும்ப மாட்டிக்கொள்ளும் காட்டன் ஏர் ஃபில்டரை மஹிந்திரா தார் வண்டிக்கு வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நம் பக்கத்துச் சரளைத் தடங்களிலும் வற்றிய கண்மாய்களிலும் வண்டியை இறக்குகிறவருக்குக் கம்பெனி கொடுக்கும் பேப்பர் ஃபில்டரை அடிக்கடி மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே என் டீசல் தாரில் ஒரு கோடை முழுவதும் காட்டன் ஃபில்டரை மாட்டி ஓட்டினேன்; அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சித்திரை, வைகாசியில் கண்மாய்க்குள் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்தப் புழுதி தெரியும். சரளைத் தடத்தில் எழும் செம்புழுதி சற்றுக் கனமானது. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் கொஞ்சம் இடைவெளி விட்டால் அதில் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். கண்மாய்க்குள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வண்டலோ, டயர் ஏறியதும் மாவாகப் பொடிந்து, காற்றே இல்லாத நாளிலும் வெகுநேரம் அந்தரத்தில் நிற்கும். 2.2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்காமலேயே, அந்த ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 2200 லிட்டர் காற்றை இழுக்கிறது. ஒரு மணி நேரத்தில் அது 130 கன மீட்டரைத் தாண்டும். அத்தனை காற்றோடும் வருகிற மணலிலும் புழுதியிலும் உள்ள குவார்ட்ஸ் துகள், மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 7 என்ற இடத்தில் இருப்பது. சிலிண்டரின் வார்ப்பிரும்பைத் தேய்க்க அந்தக் கடினம் போதும். கண்ணுக்குத் தெரியும் மணலை எந்த ஃபில்டரும் தடுத்துவிடும். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலத்தில் புகுந்து அரம்போல் வேலை செய்பவை, சில மைக்ரானிலிருந்து இருபது மைக்ரான் வரையுள்ள (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நுண்ணிய துகள்களே.

ஏர் ஃபில்டரைச் சோதிப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 5011 என்ற முறை இருக்கிறது. எடை போட்ட சோதனைத் தூளைக் காற்றோடு செலுத்தி, ஃபில்டரைத் தாண்டிப் போனது எவ்வளவு என்று மீண்டும் எடை போடுவார்கள். நல்ல பேப்பர் ஃபில்டர் 99 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். எண்ணெய் தடவிய காட்டன் பெரும்பாலும் 97-க்கும் 99-க்கும் இடையில் நிற்கும். கேட்பதற்குச் சிறிய வித்தியாசமாகத்தான் தோன்றும். ஆனால் எஞ்சினுக்குள் போவதைப் பாருங்கள்: 99.5 சதவீதம் பிடிக்கும் ஃபில்டர் 100 கிராம் தூளில் அரை கிராமை உள்ளே விடுகிறது, 97 சதவீதம் பிடிப்பது 3 கிராமை விடுகிறது. ஆறு மடங்கு மண்! தார்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு அந்த 100 கிராம் சேர நெடுநாளாகலாம். வரிசையில் கடைசி வண்டியாகக் கண்மாய்க்குள் போகிறவருக்கு அவ்வளவு காலம் ஆகாது.

என் வண்டியில் கண்டதையும் சொல்கிறேன். பேப்பர் இருந்தபோது, ஃபில்டரைத் தாண்டி டர்போவுக்குப் போகும் குழாயின் உள்சுவரைப் பழைய வெள்ளை வேட்டித் துணியால் துடைத்தால் லேசான எண்ணெய்க் கறை மட்டுமே வரும். காட்டனை மாட்டி அரண்மனை சிறுவயல் பக்கத்துக் கண்மாய்களில் ஓட்டிவிட்டு அதே இடத்தைத் துடைத்தபோது பழுப்பேறிய பிசுக்கு வந்தது; இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்றது. பிசுக்கு, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாயிலிருந்தும் வரும், ஆனால் அந்த நறநறப்பு அங்கிருந்து வராது. விளிம்பு சரியாக உட்காராமல் சந்து வழியே மண் புகுந்திருக்குமோ என்ற ஐயத்தில், ரப்பர் விளிம்பில் மெல்லிய கிரீஸ் தடவி மாட்டி மறுபடியும் ஓட்டினேன். திறந்து பார்த்தபோது கிரீஸ் முழுச் சுற்றிலும் அறுபடாமல் பதிந்திருந்தது; குழாயில் மண் மட்டும் முன்போலவே இருந்தது.

காட்டன் ஃபில்டர் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று சொல்வதை நம்பி வாங்க வேண்டாம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் எரிபொருள் செலுத்தும் வண்டிகளில் அடைத்துப்போன ஃபில்டரை எடுத்துவிட்டுப் புதியது மாட்டியபோதும் எரிபொருள் செலவு குறிப்பிடும்படி மாறவில்லை; வேகமெடுப்பு மட்டுமே மேம்பட்டது. அடைப்பு நீங்கியதற்கே இவ்வளவுதான் என்றால், சுத்தமான பேப்பரிலிருந்து காட்டனுக்கு மாறுவதால் என்ன மிச்சமாகும்?

தேவகோட்டை உறுப்பினர்:

காரைக்குடி நண்பர் சொல்வது கண்மாய்க்குள் ஓட்டுகிறவருக்குச் சரி. என் பெட்ரோல் வண்டி பெரும்பாலும் மதுரைக்கும் திருச்சிக்கும் தார்ச் சாலையில் ஓடுகிறது. மண் தடம் என்றால் குலதெய்வக் கோயிலுக்குப் போகும் கொஞ்ச தூரம்தான். காட்டன் ஃபில்டரை நீண்ட காலமாக வைத்திருக்கிறேன், எஞ்சினில் குறை எதுவும் இல்லை. ஒரு முறை மட்டும் தொல்லை வந்தது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் கழுவிக் காயவைத்தபின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டார்கள். அந்த எண்ணெய், காற்றின் அளவை உணரும் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எஞ்சின் ஏறி இறங்கியது. சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயால் சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. அதன்பிறகு நானே வீட்டில் கழுவுகிறேன்: சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி மெதுவாகத் தண்ணீர் விட்டு, நிழலில் முழுக்கக் காயவைத்து, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கோடாக எண்ணெய் விட்டு, அது தானாகப் பரவும்வரை காத்திருக்க வேண்டும். வெயிலில் வைத்து அவசரப்படுத்துவதும் கம்ப்ரசர் காற்றை அடிப்பதும் கூடாது. இந்தப் பொறுமை இல்லாதவர் வாங்காமல் இருப்பது மேல்.

புதுவயல் உறுப்பினர்:

கழுவிப் பயன்படுத்தும் ஃபில்டர் நமக்குப் புதியதன்று. ரைஸ்மில் வேலைக்கு எங்கள் வீட்டில் இருந்த பழைய மஹிந்திரா ஜீப்பிலும், வயலில் ஓடிய ட்ராக்டரிலும் ஆயில் பாத் ஏர் கிளீனர்தான் இருந்தது. காற்று ஆயில் கிண்ணத்தில் மோதித் திரும்பும்போது கனமான தூசி ஆயிலில் தங்கிவிடும். அடியில் சேறு சேர்ந்ததும் கிண்ணத்தைக் கழற்றி டீசலில் அலசி, குறித்த கோடு வரை புது ஆயில் ஊற்றினால் வேலை முடிந்தது. உமித் தூசியில் அதைவிட எளிதாக எதையும் பராமரிக்க முடியாது. ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் குறைவதால் அது நுண்ணிய தூசியை நன்றாகப் பிடிக்காது. டர்போ வைத்த இன்றைய எஞ்சினுக்கு அந்தப் பிடிப்பு போதாது.

இப்போதுள்ள என் வண்டியில் ஸ்நார்கலின் (எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்) தலையில், ஃபில்டருக்கு முன்பே தூசியைப் பிரிக்கும் சுழல் வகை பிரீகிளீனர் வைத்து, உள்ளே பேப்பர் ஃபில்டரையே வைத்திருக்கிறேன். சுழலும் காற்று கனமான மண்ணை வெளியே தள்ளிவிடுவதால் பேப்பருக்குச் சுமை குறைகிறது. காட்டன் ஃபில்டருக்குச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடுங்கள் என்பேன். ஒன்று கேட்க வேண்டும்: பேப்பரைக் கழற்றி கம்ப்ரசரில் ஊதி மாட்டுவது நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் வழக்கமாக இருக்கிறதே, அது சரியா?

காரைக்குடி உறுப்பினர்:

தேவகோட்டை நண்பரின் ஓட்டத்துக்குக் காட்டன் போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கம்ப்ரசர் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: டயருக்குக் காற்றடிக்கும் அதே அழுத்தத்தில் அருகில் வைத்து ஊதினால், மடிப்பின் உள்விளிம்பில் கண்ணுக்கு எட்டாத கிழிசல் விழும், மண்ணுக்கு அது திறந்த வாசல். தவிர, பேப்பரின் மேல் லேசாகப் படிந்த தூசியும் அடுத்து வரும் தூசியைப் பிடிக்க உதவுவதால், வாராவாரம் திறந்து பார்ப்பதில் நன்மை இல்லை. திறக்கும் ஒவ்வொரு முறையும் சுத்தமான பக்கத்தில் மண் உதிர வாய்ப்பிருக்கிறது.

நான் செய்வது இது: கோடையில் கண்மாய்ப் பயணம் தொடங்கும் முன் புதிய பேப்பர் ஒன்றை மாட்டி, உறை பிரிக்காத இன்னொன்றை வண்டியிலேயே வைத்திருப்பேன். ஃபில்டர் பெட்டியின் மேல் மூடியைத் திறக்குமுன் அதன் மேலுள்ள புழுதியை ஈரத் துணியால் துடைத்துவிடுவேன். ஐப்பசி மழை தொடங்கியதும், கோடையில் உழைத்த ஃபில்டரைத் தட்டிப் பார்த்துக்கூட மிச்சம் பிடிக்காமல் எறிந்துவிட்டு, இரண்டாவதை மாட்டிவிடுவேன். டீசல் தாருக்கு ஒரு பேப்பர் ஃபில்டர் சில நூறு ரூபாய்தான். டர்போ மாற்றும் செலவோடு அதை ஒப்பிடவே முடியாது.